புதுப் பொருளுக்குப் பழமைத் தோற்றம் தருவது எப்படி

உண்மையிலேயே பழைய பெட்டி ஒன்றையும், பழையதுபோல் ஆக்கப்பட்ட புதுப் பெட்டி ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டாவதில்தான் தேய்மானம் கூடுதலாகத் தெரியும். எல்லா விளிம்புகளும் ஒரே அளவில் உரிந்திருக்கும். எல்லா முகங்களிலும் ஒரே அடர்த்தியில் கீறல்கள் இருக்கும். குத்துத் துளைகள்கூடச் சம இடைவெளியில் அமைந்திருக்கும். பழைய பெட்டியிலோ மூடியைத் தூக்கும் இடத்தில் மட்டும் வண்ணம் போயிருக்கும்; சுவரைப் பார்த்து நின்ற பின்பக்கம் செய்த நாளில் இருந்ததுபோலவே இருக்கும். கை, கால், வெயில், நீர், புழுதி ஆகியவை ஒரு பொருளில் எங்கெங்கே பட்டன, எங்கெங்கே படவில்லை என்பதைத்தான் நம் கண் பழமை என்று படித்துக்கொள்கிறது. ஆகவே இந்த வேலையில் இறங்குகிறவர் கற்க வேண்டிய முதல் திறமை, தேய்க்காமல் விட வேண்டிய இடத்தைத் தேய்க்காமல் விடுவதுதான்.

இந்த விருப்பம் இன்று தோன்றியதன்று. மைக்கலாஞ்சலோ இளம் வயதில் செதுக்கிய, ரோமானியரின் காதல் தெய்வமான குபிட் உறங்கும் சிலை ஒன்று பழங்காலச் சிலைபோலத் தோன்றும்படி செய்யப்பட்டு, 1496ஆம் ஆண்டு வாக்கில் ரோமில் ஒரு கர்தினாலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் தங்கள் பூங்காக்களில் இடிந்த கோட்டைபோலவே புதிதாகக் கட்டடங்களை எழுப்பினார்கள். 1995இல் ஃபெண்டர் நிறுவனம் பல்லாண்டு வாசித்துத் தேய்ந்தவைபோன்ற புதுக் கிதார்களை விற்கத் தொடங்கியது. முழங்கால் வெளுத்த புது ஜீன்ஸை இன்று யாரும் வியப்போடு பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை மரம், உலோகம், துணி, காகிதம் ஆகிய நான்கையும் தொடுகிறது. என் அனுபவம் மரத்தில்தான் அதிகம் என்பதாலும், மரமே கற்றுக்கொள்ள ஏற்ற ஆசிரியர் என்பதாலும் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

பொருளை ஒரு முழு நாளேனும் அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்துப் புழங்கிப் பாருங்கள். எந்தக் கை எங்கே படுகிறது, உட்காரும்போது குதிகால் எந்தச் சட்டத்தில் ஊன்றுகிறது, வெயில் எந்தப் பக்கத்தில் விழுகிறது, தரையைத் துடைக்கும் ஈரம் கால்களில் எவ்வளவு உயரம்வரை ஏறும் என்பதையெல்லாம் கவனித்து, அந்த இடங்களைச் சாக்கட்டியால் இலேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலியாக இருந்தால் முன்கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் மேல்முகம், கைப்பிடிகளின் நுனி, நகர்த்துவதற்காகப் பிடிக்கும் முதுகுச் சட்டத்தின் நடுப்பகுதி ஆகிய மூன்றும்தான் முதலில் தேயும். இழுப்பறையாக இருந்தால் குமிழைச் சுற்றியும், விரல் நகங்கள் உரசும் அதன் கீழ்ப்பகுதியிலும் வண்ணம் போகும். கதவில் தாழ்ப்பாளின் பக்கமும், காலால் தள்ளும் அடிப்பகுதியும் தேயும். கீலை ஒட்டிய பக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

நான் முதன்முதலில் இம்முறையில் செய்த புத்தக அலமாரியின்போது இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. எதிரில் இருந்த விளிம்புகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தேய்த்து முடித்தேன். மேல்தட்டின் பின்விளிம்பைச் சுவர் மறைத்துவிடும், அங்கே எந்தக் கையும் ஒருநாளும் படப்போவதில்லை என்பது அலமாரியைச் சுவரோடு நிறுத்திய பிறகே உறைத்தது. மறுபடியும் வண்ணம் பூசி, கை படும் மூன்று இடங்களில் மட்டும் தேய்த்தபோதுதான் அது நம்பும்படியாக அமைந்தது. அன்றிலிருந்து சாக்கட்டிக் குறி இல்லாமல் நான் உப்புத்தாளைக் கையில் எடுப்பதில்லை.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த முறைகள் புதுப் பொருளுக்கானவை. ஏற்கெனவே வண்ணம் பூசப்பட்ட பழைய கதவையோ சன்னலையோ இன்னும் பழையதாகக் காட்டலாம் என்று உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. அமெரிக்காவில் வீடுகளுக்கான வண்ணத்தில் ஈயம் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. அந்தத் தூசு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மீளமுடியாத கேட்டை விளைவிக்கும்.

மரம்: அடியும் தேய்ப்பும்

மரத்தில் வேலைகளின் வரிசை மாறக்கூடாது. அடிபட்ட பள்ளங்கள் முதலில், பிறகு மரத்தின் நிறம், பிறகு வண்ணப்பூச்சு, பிறகு தேய்ப்பு, கடைசியில் அழுக்கும் மெழுகும். நிறம் ஏற்றிய பிறகு உண்டாக்கிய பள்ளத்தில் பச்சை மரம் பளிச்சென்று வெளியே தெரியும்; முன்பே உண்டாக்கியதில் நிறமும் அழுக்கும் போய்த் தங்கி, அது நெடுநாளைய காயம்போல அடங்கிவிடும். தொடங்கும்போது மரத்தின்மேல் ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். நீர் முத்தாக நின்றால் வார்னிஷ் இருக்கிறது என்று பொருள். அதைத் தேய்த்து நீக்காமல் அடுத்த படிகளில் எதுவும் பிடிக்காது.

பள்ளங்களுக்குச் சாவிக்கொத்து, போல்ட்டுகள் இட்டுக் கட்டிய துணிப்பை, ஒரு துண்டுச் சங்கிலி ஆகியவை போதும். சுத்தியலால் குறிபார்த்து அடிப்பதைவிட, இவற்றைச் சற்று உயரத்திலிருந்து தானாக விழவிடுவது நல்லது. கை குறிபார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. சங்கிலியை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரே வடிவக் கண்ணி வரிசையாகப் பதிந்து வேலையைக் காட்டிக்கொடுத்துவிடும். மேசையின் மேற்பரப்பிலும் கால்களின் அடிப்பகுதியிலும் அடிகள் இருக்கலாம். இடைப்பட்ட பகுதியில் அரிதாகவே இருக்க வேண்டும். பிறகு 220 எண் உப்புத்தாளால் பள்ளங்களின் விளிம்பை மெல்லத் தடவிவிடுங்கள். பழைய பள்ளத்தின் உதடு எப்போதும் மழுங்கியிருக்கும், ஏனெனில் அதன்மேல் ஆண்டுக்கணக்கில் துணியும் கையும் நடந்திருக்கின்றன.

பைன் போன்ற மென்மரங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அவற்றின் ஆண்டு வளையத்தில் வெளிறிய பகுதி மென்மையாகவும், கருத்த கோடு கடினமாகவும் இருக்கும். கம்பித் தூரிகையால் ரேகையின் போக்கிலேயே அழுத்தித் தேய்த்தால் மென்பகுதி உதிர்ந்து, கடினக் கோடுகள் மேடாக நிற்கும். திறந்த வெளியில் கிடக்கும் பலகையில் மழையும் காற்றுப்புழுதியும் பல ஆண்டுகளில் செய்வதும் இதேதான். ரேகைக்குக் குறுக்கே ஒருமுறை தேய்த்தாலும் கீறல் அழியாது. இழை நெருங்கிய கடின மரங்களில் இம்முறை அவ்வளவாகப் பலிக்காது.

மரம்: நிறம்

வெளியில் கிடந்த மரம் சாம்பல் நிறம் அடைவதற்குக் காரணம், சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் மரநார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டுபோக, செல்லுலோஸ் நார்கள் மட்டும் மேலே எஞ்சுவதுதான். அந்த நிறத்தை ஓரிரு நாளில் வரவழைக்க இரும்பு நாரும் வினிகரும் போதுமானவை. 0000 எண் கொண்ட நுண்ணிய இரும்பு நாரில் எண்ணெய் தடவியிருப்பார்கள் என்பதால் அதைச் சவர்க்காரம் இட்டுக் கழுவி, பிய்த்துப் பரப்பி, அரை லிட்டர் வெள்ளை வினிகருக்கு ஒரு கைப்பிடி என்ற அளவில் கண்ணாடிச் சாடியில் ஊறவையுங்கள். துருப்பிடிக்காத எஃகு நார் இதற்கு உதவாது. இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் சாடியை ஒருபோதும் இறுக மூடக்கூடாது. ஒரு துணியைக் கட்டிவைத்தால் போதும். ஒன்று முதல் மூன்று நாள்களில் கரைசல் தயாராகிவிடும். அதைத் துணியில் வடிகட்டி, தூரிகையால் மரத்தில் பூசுங்கள்.

பூசும்போது ஒன்றும் நிகழாததுபோலத் தெரியும். சில நிமிடங்களில் மரம் தானாகவே கருக்கத் தொடங்கும். இந்த நேரத்தில் பொறுமை இழந்து மேலும் மேலும் பூசிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரும்பு, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருநிறம் தருகிறது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவின் கையெழுத்துப் படிகள் எழுதப்பட்ட கறுப்பு மையும் இதே வினையால் உண்டானதுதான். ஆகவே டானின் மிகுந்த ஓக் மரம் ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். டானின் குறைந்த பைன் மரம் வெளிறிய சாம்பலோடு நின்றுவிடும். பைனுக்கு ஆழ்ந்த நிறம் வேண்டுமானால், முதலில் திக்கான தேயிலைச் சாற்றையோ கடுக்காய் ஊறிய நீரையோ பூசி உலரவிட்டு, அதன்மேல் இரும்புக் கரைசலைப் பூசுங்கள். ஒரே பலகையிலும் வயிரப் பகுதியும் வெளிறிய புறப்பகுதியும் வெவ்வேறு நிறம் எடுக்கும் என்பதால், அதே மரத்தின் வெட்டுத் துண்டில் சோதித்துப் பாராமல் பொருளில் கை வைக்காதீர்கள். சோதனைத் துண்டின் பாதியில் மெழுகும் தடவிப் பாருங்கள். மெழுகு ஏறியதும் நிறம் ஒரு படி ஆழ்ந்துவிடும், பின்னர் அதைக் குறைக்க முடியாது.

மரம்: உரிந்த வண்ணம்

பழைய வண்ணப் பொருள்களின் அழகு, ஒன்றின்கீழ் ஒன்றாகப் பல வண்ணங்கள் எட்டிப் பார்ப்பதில் இருக்கிறது. வீட்டில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு நிறம் பூசியிருக்கும். இதைச் செய்ய, முதலில் ஓர் அடிவண்ணத்தைப் பூசி நன்றாக உலரவிடுங்கள். பிறகு சாக்கட்டியால் குறித்த இடங்களில் மெழுகுவத்தியையோ தேன்மெழுகுக் கட்டியையோ அழுத்தித் தேய்த்து, அதன்மேல் இரண்டாம் வண்ணத்தைப் பூசுங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் மேல்வண்ணம் அடிவண்ணத்தைப் பற்றாது. உலர்ந்த பின் ஒரு தட்டைக் கத்தியின் முதுகால் வழித்தால், அங்கே அது செதிலாகக் கழன்று வரும். இப்படி உரிந்த விளிம்பு, உப்புத்தாளால் தேய்த்த விளிம்பைவிடப் பன்மடங்கு இயல்பாக இருக்கும்.

அதன்பிறகுதான் உப்புத்தாள். 120 எண்ணில் தொடங்கி 220 எண்ணில் முடியுங்கள். கை மிக அதிகம் படும் புள்ளியில் மரம் தெரிய வேண்டும். அதைச் சுற்றி அடிவண்ணம் தெரிய வேண்டும். அதற்கும் வெளியே மேல்வண்ணம் மெல்ல மெலிந்து, பிறகு முழுமையாக நிற்க வேண்டும். மலையின் உயரத்தைக் காட்டும் வரைபடத்தில் ஒன்றையொன்று சூழும் கோடுகளைப்போல இந்த மூன்றும் அமைந்துவிட்டால், பார்ப்பவர் எத்தனை ஆண்டு என்று தம்மையறியாமல் எண்ணத் தொடங்குவார். மரமும் மேல்வண்ணமும் மட்டும் இருந்து இடையிலுள்ள வளையம் இல்லாவிட்டால், நேற்றுத் தேய்த்தது என்று கண் சொல்லிவிடும். ஓர் இடத்தைத் தேய்த்ததும் நான்கு அடி பின்னால் போய்ப் பாருங்கள். கை வேலையில் இருக்கும்போது தீர்ப்புச் சொல்லும் திறன் கண்ணுக்குக் குறைந்துவிடுகிறது.

வெடிப்பு விழுந்த வண்ணம் வேண்டுமானால், உலர்ந்த அடிவண்ணத்தின்மேல் வெள்ளைப் பசையைத் தடவி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே நீரில் கரையும் மேல்வண்ணத்தைப் பூச வேண்டும். மேற்பூச்சு விரைந்து உலர்ந்து சுருங்க, அடியில் பசை இன்னும் நெகிழ்ந்திருப்பதால் பூச்சு பிளந்துகொள்ளும். பசை தடிமனாக இருந்தால் வெடிப்பு அகலமாகும். தூரிகையை இழுத்த திசையிலேயே வெடிப்பு ஓடும். ஒருமுறை இழுத்த இடத்தில் மறுமுறை தூரிகையைக் கொண்டுபோனால் பசை குழம்பிவிடும். பொருள் முழுவதையும் வெடிக்கவைக்க வேண்டாம். வெயில் படும் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும், அதுதான் நம்பும்படியாக இருக்கும்.

மரம்: அழுக்கும் மெழுகும்

அழுக்கு சேரும் இடமும் தேயும் இடமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. மேடுகளைக் கை துடைத்துக்கொண்டே இருக்கிறது. பள்ளங்களிலும் செதுக்கல்களின் மூலைகளிலும் இணைப்புகளின் இடுக்குகளிலும் புழுதி தங்குகிறது. முதலில் நிறமற்ற மெழுகை எங்கும் தடவிவிட்டு, அதன்மேல் கரும்பழுப்பு மெழுகைச் சிறு தூரிகையால் இடுக்குகளில் திணித்து, மேடுகளைத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள். நிறமற்ற மெழுகு இல்லாமல் நேரடியாகக் கருமெழுகைத் தடவினால், அது மரத்துக்குள் ஊறி அழியாத கறையாகிவிடும். மெழுகுக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துவோர், துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடக்கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடாகி, குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். அவற்றை நீரில் நனைத்து விரித்து உலர்த்திய பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

புழுத் துளைகளை உண்டாக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. மரத்தைத் துளைக்கும் வண்டு வெளியேறும் துளை 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அது பெரும்பாலும் மரத்தின் வெளிறிய புறப்பகுதியில் கொத்தாக அமையும், வயிரப் பகுதியைத் தொடாது. குண்டூசியாலும் துளைப்பானாலும் இட்ட துளைகள் இந்த விதிகள் எதற்கும் கட்டுப்படுவதில்லை. போதாததற்கு, வீட்டில் உண்மையான புழு வந்தால் அதை உடனே கண்டுகொள்ள முடியாமல் போய்விடும். போலி செய்யவே முடியாத ஒன்றும் உண்டு. மரம் ரேகையின் நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாட்டில் சுருங்கும். ஆகையால் பழைய வட்ட மேசைப் பலகையை அளந்தால், அது சிறிதளவு நீள்வட்டமாக மாறியிருப்பது தெரியும்.

உலோகம்

பித்தளையும் செம்பும் காற்றில் மங்குவது இயல்பு. கடையில் வாங்கும் பித்தளைக் குமிழ் மங்காமல் இருப்பதற்குக் காரணம் அதன்மேல் உள்ள தெளிந்த அரக்குப் பூச்சு. அதை அசிட்டோனால் துடைத்து நீக்கினாலே பாதி வேலை முடிந்தது. சில மாதங்களில் கை படும் இடம் பளபளப்பாகவும், படாத இடம் பழுப்பாகவும் தானே மாறும். காத்திருக்க முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

விரைவு வேண்டுவோர், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஒரு சிறு கிண்ணத்தில் அம்மோனியாவை வைத்து, அது படாதபடி மேலே பித்தளைப் பொருளைத் தொங்கவிட்டு மூடிவைக்கலாம். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் பழுப்பு ஏறும். பொருளில் உப்புநீர் தெளித்துவைத்தால் பச்சையும் நீலமுமாகக் களிம்பு பூக்கும். பெட்டியைத் திறக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். அம்மோனியா இருக்கும் இடத்தில் வெளுப்பு நீர் (பிளீச்) இருக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் நச்சுவாயு உண்டாகும். களிம்பும் நச்சுத்தன்மை உடையது. ஆதலால் உண்ணவோ பருகவோ பயன்படும் எந்தப் பாத்திரத்திலும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். செம்பையும் வெள்ளியையும் கருக்கச் செய்ய எளிய வழி ஒன்று உண்டு. நன்றாக வெந்த முட்டையை நசுக்கி, பொருளோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு மூடிவைத்தால், முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு சில மணி நேரத்தில் உலோகத்தைக் கருக்கிவிடும். பிறகு மேடுகளை மட்டும் மென்துணியால் துடைத்துப் பளபளப்பாக்குங்கள்.

இரும்பில் துரு வேண்டுமானால், முதலில் அதன் எண்ணெய்ப் பசையை முற்றிலும் நீக்கி, வினிகர் தெளித்து உலரவிடுங்கள். பின்னர் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு அரை லிட்டர், வினிகர் 60 மில்லிலிட்டர், உப்பு அரை மேசைக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து தெளித்தால், கண்ணெதிரிலேயே செம்பழுப்பு ஏறும். இந்தக் கலவையைத் தேவையான அளவு மட்டும் கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள். மூடிய புட்டியில் சேமிக்கக்கூடாது, கண்ணிலும் மூச்சிலும் படக்கூடாது. துத்தநாகம் பூசிய தகடு, அந்தப் பூச்சு இருக்கும்வரை இப்படித் துருப்பிடிக்காது. போதிய நிறம் வந்ததும் நீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, மெழுகோ தெளிந்த வார்னிஷோ பூசி நிறுத்த வேண்டும். நிறுத்தாத துரு உள்ளே அரித்துக்கொண்டே போகும். செம்பின் கதை வேறு. நியூயார்க்கின் சுதந்திரதேவி சிலை 1886இல் திறக்கப்பட்டபோது செம்பின் நிறத்தில்தான் இருந்தது. பச்சை அதன்மேல் முழுவதுமாகப் பரவ இருபது ஆண்டுகள் ஆயின. அந்தப் பச்சைப் படலம்தான் அடியிலுள்ள செம்பை இன்றுவரை காத்துவருகிறது.

துணி

ஜீன்ஸ் துணி வெளுப்பதற்குக் காரணம் அதன் நெசவிலேயே இருக்கிறது. பாவு நூல் மட்டும் நீலம், ஊடை நூல் வெள்ளை. நீல நூலிலும் இண்டிகோ சாயம் நடுவரை ஊடுருவாமல் மேற்புறத்தில் மட்டும் படிந்திருப்பதால், உராயும் இடத்தில் உள்ளிருக்கும் வெண்மை வெளிப்படுகிறது. ஆலைகளில் இந்த விளைவுக்காகப் பியூமிஸ் எனப்படும் எரிமலை நுரைக்கல்லோடு சேர்த்துத் துவைப்பதும், செல்லுலேஸ் நொதியில் இடுவதும் வழக்கம். மணலை அழுத்தக் காற்றோடு பீய்ச்சித் துணியை வெளுக்கும் முறை ஒன்றும் பரவலாக இருந்தது. அந்தச் சிலிக்கா தூசு தொழிலாளர்களின் நுரையீரலில் படிந்து, குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் நோயைத் தந்ததால், துருக்கி 2009இல் அதைத் தடைசெய்தது. இளம் வயதினர் பலர் அந்த நோய்க்கு இரையானார்கள். தேய்ந்த தோற்றத்துக்காக யாருடைய மூச்சு செலவாகிறது என்பது துணி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில் நம் கையால் செய்துகொள்வதற்கு எனக்கு அதுவே முதன்மையான காரணம்.

வீட்டில் செய்யும்போது, கால்சட்டையை அணிந்து உட்கார்ந்து எழுந்து, தொடையிலும் முழங்காலுக்குப் பின்னும் விழும் மடிப்புகளைச் சாக்கட்டியால் குறியுங்கள். பிறகு அதைக் கழற்றி, காலுக்குள் ஒரு பலகையை நுழைத்து, மடிப்பின் மேட்டை மட்டும் 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, 220 எண்ணால் சுற்றுப்புறத்தோடு கரையவிடுங்கள். பைகளின் வாய், பின்பைகளின் விளிம்பு, குதிகாலின் பக்கம் தரையில் உரசும் கால்விளிம்பு ஆகியவையும் இயல்பாகத் தேயும் இடங்கள். கிழிசல் வேண்டுமானால் கத்தரியால் வெட்டாதீர்கள். ஓரிடத்தைத் தொடர்ந்து தேய்த்து மெலியவைத்தால் நீலப் பாவு நூல் முதலில் அறுந்து, வெள்ளை ஊடை நூல்கள் குறுக்கே எஞ்சி நிற்கும். அதன் இருபுறமும் இரண்டு தையல் போட்டுவிட்டால், துவைக்கும்போது கிழிசல் பெருகாது.

வெளுப்பு நீரைப் பயன்படுத்துவதாக இருந்தால், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, கடற்பஞ்சால் தேய்த்த இடங்களில் மட்டும் ஒற்றி, நீங்கள் விரும்பும் வெளுப்புக்குச் சற்று முன்பே அலசிவிடுங்கள். எஞ்சியிருக்கும் வெளுப்பு நீர் நூலைத் தொடர்ந்து அரிக்கும் என்பதால், நீர் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒருமுறை அலசி அதன் வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு வினிகரைப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டுவிடாதீர்கள். அவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கம்பளிக்கும் பட்டுக்கும் வெளுப்பு நீர் ஆகவே ஆகாது, அந்த நார்களையே அது கரைத்துவிடும். நெகிழ்நூல் கலந்த ஜீன்ஸும் அதில் வலுவிழக்கும்.

காகிதம்

காகிதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறிய தேயிலைச் சாற்றில் நனைத்து, தட்டையாக விரித்து உலர்த்தினால் பழுப்பு ஏறும். மை தெளிக்கும் அச்சுப்பொறியில் அச்சிட்டது பெரும்பாலும் கலைந்துவிடும்; லேசரில் அச்சிட்டது நிற்கும். பழைய புத்தகத்தில் ஒளியும் காற்றும் புகும் ஓரங்களே முதலில் பழுக்கும் என்பதால், ஓரங்களில் மட்டும் இரண்டாம் முறை சாற்றை ஒற்றுங்கள். ஓரத்தைத் தீயில் கருக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய கடிதங்கள் மடிப்புகளில் நைந்துபோகின்றன, ஓரங்களில் எரிந்துபோவதில்லை. பலமுறை மடித்து விரித்து அந்த மடிப்பை நைய வைப்பதே சரியான வேலை. தேயிலையில் அமிலம் இருப்பதால் நெடுங்காலம் காக்க வேண்டிய எதையும் அதில் நனைக்கக்கூடாது.

கடைசிப் படி

இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறவர் கையில், பிறரை ஏமாற்றும் ஆற்றலும் கூடவே வந்து சேர்கிறது. ஹான் வான் மீகெரன் என்ற டச்சு ஓவியர் 1930களிலும் 40களிலும், 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியங்கள் என்று தாமே தீட்டியவற்றை விற்றார். வண்ணத்தில் செயற்கைப் பிசினைக் கலந்து, ஓவியத்தைச் சூளையில் சுட்டுக் கடினமாக்கி, உருளையில் சுற்றி வெடிப்பு விழச்செய்து, அந்த வெடிப்புகளில் கருமையைத் தேய்த்தார். அறிஞர்களே ஏமாந்தார்கள், 1947இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அவர் செய்த படிகளும் நாம் செய்யும் படிகளும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை நான் மறப்பதில்லை.

ஆகவே பொருள் முடிந்ததும், மெழுகு நன்றாக உலர்ந்த பின்னர், அதைக் கவிழ்த்துவைத்து, செய்த ஆண்டையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். மரத்தில் அடிப்பலகையைத் தேய்க்காமலும் நிறம் ஏற்றாமலும் விட்டிருப்பீர்கள். அங்கே பென்சிலால் அழுத்தி எழுதி, மேலே அரக்குப் பூச்சு கொடுத்தால் எழுத்து நெடுநாள் நிற்கும். மையால் எழுதினால் அரக்கில் கரைந்து பரவக்கூடும். உலோகத்தில் உட்பக்கம் எழுத்து முளையால் பதியுங்கள். துணியில் இடுப்புப் பட்டியின் உள்ளே தைத்துவிடுங்கள். காகிதத்தில் பின்பக்கத்து மூலை போதும். அந்தப் பொருளை யாருக்கேனும் விற்பதானாலும் பரிசாகக் கொடுப்பதானாலும், முதலில் அதைத் திருப்பி அந்த எழுத்தைக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.